அதிகாரம் எழுதாத வசனம்

டிசம்பர் 26

ரூபி டீச்சர் வாக்குத்தத்த அட்டைகளைக் கொண்டுவந்து தந்தார். புத்தாண்டு ஆராதனையில் சபையார் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். கையில் வந்த வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வாக்கு. அவற்றை எழுதுவது பல வருஷங்களாக என் வேலை.

"விசுவாசந்தான் இல்ல. கையெழுத்து முத்து முத்தா இருக்கே, லீதியா" என்றார் டீச்சர். நான் சிரித்துவைத்தேன்.

இந்த வருஷ அட்டையின் மூலையில் சிவப்பு ரோஜா அச்சிட்டிருக்கிறது. அசிங்கமான ரோஜா.

என் சொந்த வேலையும் அட்டைகளில்தான் நடக்கிறது. கல்லூரி நூலகத்தில் கழித்துப்போட்ட பழைய அட்டைகளின் வெள்ளைப் பின்பக்கத்தில், ஒரு அட்டைக்கு ஒரு வாக்கியமாக மொழிபெயர்க்கிறேன். எகிப்தில் கிடைத்த ஒரு துண்டுச் சுவடி. ஆதித் திருச்சபை ஒதுக்கித் தள்ளிய ஞானக் கூட்டத்தார் ஒருவர் எழுதியது. அவர்களுக்கு மீட்பர் ஆணாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தச் சுவடியில் ஞானம் என்ற தாய், உலகத்துக்குள் விழுந்துவிட்ட மகளைத் தேடி இறங்கிவருகிறாள். வானத்து அதிகாரிகள் அந்த மகளை வெட்டி, உள்ளே இருக்கும் ஒளியை எடுக்கப் பார்க்கிறார்கள்.

தாய் சொல்கிறாள்: பயப்படாதே, மகளே. நீ விழுந்த இடத்துக்கு நானே இறங்கி வருவேன். உன்னை வெட்ட வருகிறவர்களின் கை உன்மேல் படாது.

அழகான வாக்கியம். அடுத்த வாக்கியத்தில் தாய் மகளுக்குள் இருந்த ஒளியை மட்டும் உருவிக்கொண்டு மேலே போய்விடுகிறாள். மீதியை அதிகாரிகள் வெட்டுகிறார்கள். சொன்ன சொல் தவறவில்லை. இப்படி ஒரு மீட்பை எழுதியவன் வழக்கறிஞனாக இருந்திருப்பான்.

டிசம்பர் 29

பியூலாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். போன வாரம் ஊசி போட்டு எடுத்த சதையின் முடிவு வந்துவிட்டது. இடது மார்பில் இருப்பது அதுதான். சின்னது, சீக்கிரம் எடுத்துவிட்டால் பயமில்லை, ஜனவரியிலேயே செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவியகிட்டச் சொல்லிராதீங்க மைனி. பயந்துருவாவ. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்." என் தம்பி ஆசீர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். முடிந்தபோது வந்துபோவான். மற்ற நாட்களில் இந்த வீட்டில் நானும் அவன் மனைவி பியூலாவும்தான்.

"நீயே சொல்லு" என்றேன்.

"வருஷம் பொறக்கட்டும். ஆண்டவர் என்ன வாக்குத்தத்தம் தராருன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

சாயங்காலம் வீட்டு ஜெபம். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். பியூலா கண்ணை மூடி, கையை விரித்து, எப்போதும்போல என் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். "எங்க லீதியா மைனியோட கல்லான இருதயத்தை உடையும் ஆண்டவரே. புஸ்தகம் புஸ்தகமாப் படிச்சும் உம்மை அறியாம இருக்காவளே தகப்பனே." பெண்கள் ஆமென் சொன்னார்கள். ஒருத்தி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

புற்று அவளுக்கு. ஜெபம் எனக்கு.

டிசம்பர் 31

அட்டைகளை எழுதி முடித்தேன். ரோஜா அட்டை ஒன்று மீந்தது.

ஜனவரி 1

காலை ஆராதனை. பெண்கள் பக்கத்துக்குத் தட்டைக் கொண்டுபோக ஆள் வரவில்லை என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார். போனேன். எல்லாரும் கண்ணை மூடி, உதடு முணுமுணுத்து, விரலால் துழாவி எடுத்தார்கள். பியூலா எதையும் துழாவமாட்டாள். பலகாரத் தட்டு நீட்டினாலும் ஓரத்தில் இருப்பதைத்தான் எடுப்பாள். இன்றும் அப்படியே எடுத்தாள்.

வாசித்தாள். பிறகு அட்டையை நெஞ்சோடு, இடது பக்கம் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் காட்டினாள். ரோஜா. அதன் பக்கத்தில் என் கையெழுத்தில், பயப்படாதே, மகளே. என் மேசையில் இரண்டு வேலையும் ஒன்றாகக் கிடந்ததில் கலந்திருக்கவேண்டும்.

"என்னைய வெட்டமாட்டாவ மைனி" என்றாள்.

மதியம் ஆட்டுக்கறி. உப்புக் கூடிவிட்டது.

ஜனவரி 3

"மைனி, இதுக்கு அதிகாரம் எழுத மறந்துட்டீங்களே. எதுல வருது?"

மற்ற அட்டைகளிலெல்லாம் வசனத்துக்குக் கீழே புத்தகத்தின் பெயரும் அதிகாரமும் இருக்கும். இதில் இல்லை. இது வேதத்தில் உள்ளதல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால் சபை முழுக்கத் தெரியும். ரூபி டீச்சர் பதறுவார். நான் வேண்டுமென்றே செய்தேன் என்பார்கள்.

"தேடிப் பாரு" என்றேன்.

"வேதத்துலயும் தேடத்தான் சொல்லிருக்கு" என்று சந்தோஷமாகப் போனாள்.

ஜனவரி 8

சபை ஐயரிடம் கேட்டாளாம். அவர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, ஏசாயாவின் பின்பகுதியில் எங்கேயோ வரும் என்றாராம். இந்த மனிதர் முப்பது வருஷம் பிரசங்கித்திருக்கிறார்.

கைப்பேசியிலும் தேடியிருக்கிறாள். "வரலியே மைனி" என்று நீட்டினாள்.

"போனில் எல்லாம் வந்துவிடுமா?" என்றேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. கேள்விதான் கேட்டேன்.

ஜனவரி 11

அறுவைச் சிகிச்சைத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டாள். வசனம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று வாசித்த பிறகுதான் முடிவு செய்வாளாம். "மொட்டையா ஒரு வசனத்தை வச்சு முடிவெடுக்கக்கூடாதுல்லா? நீங்கதானே சொல்லுவீங்க, முன்னபின்ன பாக்கணும்னு."

நான்தான் சொல்லியிருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறது நல்லது" என்றும் சொன்னேன். சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 2

ஆதியாகமத்தில் தொடங்கியவள் லேவியராகமத்துக்கு வந்துவிட்டாள். காலையில் அடுப்பில் இட்லிக் கொப்பரையை ஏற்றிவிட்டு, சமையல்மேடை ஓரத்தில் நின்றபடியே விரல் வைத்து வாசிக்கிறாள். பலியிடும் ஆட்டின் கொழுப்பையும் குடலையும் பற்றிய பகுதியையும் விடவில்லை. "இதுக்குள்ளயும் இருந்துட்டா?"

வருஷா வருஷம் முழு வேதமும் வாசிப்பவள். இதுவரை கண்ணில் படாத வசனம் இப்போது எப்படிப் படும் என்று கேட்டேன்.

"தேவைப்படாம வாசிச்சா கண்ணுல படாது மைனி."

பெண் மீட்பர்களைப் பற்றிய என் கட்டுரைக்கு இது நல்ல வரி. குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20

கட்டுரைச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஜூலையில் கருத்தரங்கு. ஒரு பிரதி வேதமாவது அதை எழுதியவனாலா, அல்லது அது தனக்கு வேண்டும் என்று நிற்கும் வாசகியாலா என்பது கேள்வி. நான்காம் பகுதிக்கு நிகழ்காலச் சான்று ஒன்று கையில் இருக்கிறது. பெயர் குறிப்பிடமாட்டேன்.

மார்ச் 6

சபையின் ஐக்கிய சங்கத்துப் பெண்கள் பியூலாவின் அட்டையைப் பார்க்க வந்தார்கள். கட்டியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. வசனம் மட்டும் பரவியிருக்கிறது. மருமகளோடு ஒத்துப்போகாத ஒருத்தி, குடிகாரன் மனைவி ஒருத்தி, காரணம் சொல்லாமல் அழுத ஒருத்தி. எல்லாரும் எழுதிக்கொண்டு போனார்கள்.

"எல்லா வசனத்துலயும் ஆண்டவர் தகப்பனா வந்து பேசுவாரு. இதுல பெத்தவ பேசுத மாதிரியே இருக்கு. எங்கம்மா செத்த பொறவு என்னைய ஒருத்தரும் இப்படிக் கூப்புடல" என்றாள் குடிகாரன் மனைவி.

ஆயிரத்தெண்ணூறு வருஷம் மணலில் கிடந்தது. பாளையங்கோட்டையில் பரவ இரண்டு மாதம் போதுமாக இருந்திருக்கிறது.

மார்ச் 19

விடைத்தாள் திருத்தும் வேலை. முதுகுவலி. பியூலா நாளாகமத்தில் இருக்கிறாள். பரம்பரைப் பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. விட்டுவிட்டுப் போ என்றேன். மாட்டேன் என்றாள்.

இடது கையை உயர்த்தி மேல் தட்டில் இருந்து உளுந்து டப்பாவை எடுக்க முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 14

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கத்தினாள். விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன்.

"மைனி, இங்க ஒருத்தி பேசுதா! நீதிமொழிகள்ல! ஞானம்னு பேரு. உலகம் உண்டாகுததுக்கு முன்னாலயே இருந்தேங்கா. தெருமுனையில நின்னு கூப்பிடுதா. இவதானா?"

என் கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக நான் படித்ததெல்லாம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வேதத்தின் ஓரத்தில் நின்று கூப்பிட்ட அந்தப் பெண்ணைத்தான் ஞானக் கூட்டத்தார் உள்ளே அழைத்து, விழவைத்து, அழவைத்து, மீட்பராக்கினார்கள். ஆசிரியரோ அகராதியோ இல்லாமல், அடுப்படியில் நின்று வாசித்தே இவள் வந்துசேர்ந்திருக்கிறாள். என் மாணவர்களில் ஒருவர்கூட இவ்வளவு கிட்டே வந்ததில்லை.

அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் கேட்டிருப்பாள். நன்றாகவே கேட்டிருப்பாள்.

"அதே வார்த்தை இருக்கிறதா?" என்றேன்.

"இல்ல."

"அப்படியானால் தேடு."

மே 10

கட்டி இப்போது ரவிக்கைக்கு மேலேயே தெரிகிறது. ஒரு பக்கமாகச் சேலையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். ஆசீர் வந்தபோது முதுகுவலி என்று தனியாகப் படுத்தாள். அவன் நம்பினான். அவன் எதையும் நம்புவான்.

நாளை சொல்லிவிடலாம்.

மே 11

தண்ணீர் மோட்டார் பழுது. காலையிலிருந்து ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

ஜூன் 3

ஏசாயாவின் பின்பகுதியும் முடிந்துவிட்டது. ஐயரைக் குறை சொல்லவில்லை. "அவருக்கும் வயசாச்சுல்லா" என்றாள்.

இன்று என் மேசையைத் துடைத்திருக்கிறாள். வேண்டாம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அட்டைகளை ஓரம் சமமாகத் தட்டி அடுக்கி, மேலே என் கண்ணாடிக்கூட்டை வைத்திருந்தாள். வரிசை மாறவில்லை.

சாயங்கால ஜெபத்தில் என் கல்லான இருதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சோர்வாக இருந்திருக்கும்.

ஜூலை 9

கருத்தரங்கு முடிந்து திரும்பினேன். நான்காம் பகுதிக்குத்தான் அதிகக் கேள்விகள். ஹைதராபாத்திலிருந்து வந்த பேராசிரியர், "அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். தொடர்ந்து வாசிக்கிறார் என்றேன். சிரித்தார்கள்.

பியூலாவுக்கு ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிவந்தேன். வாடை பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 27

வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி வசனத்தை வாசித்துவிட்டு வேதத்தை மூடினாள். நான் எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவள் நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"முடிச்சுட்டேன் மைனி."

"ம்."

"இல்ல."

கீரையில் பழுத்த இலை நிறைய இருந்தது. பொறுக்கித் தனியே போட்டேன். அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோற்றுக்குக் காத்திருப்பவள்போல. பிறகு எழுந்து உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 5

ஆசீருக்குத் தெரிந்துவிட்டது. கதவு தாழிடாமல் உடை மாற்றியிருக்கிறாள். அவன் அலறிய சத்தத்தில் தெருவே கூடியது.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டதாம். இனி வெட்டிப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆக, வெட்ட வந்தவர்களின் கை அவள்மேல் படவில்லை.

"உனக்குத் தெரியாதாக்கா? கூடவே இருந்தியே" என்று அழுதான் ஆசீர்.

பதில் சொல்வதற்குள் பியூலா முந்திக்கொண்டாள். "மைனியத் திட்டாதீங்க. அவிய அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாவ."

உண்மை. ஜனவரி 11ஆம் தேதிக் குறிப்பில் இருக்கிறது.

செப்டம்பர் 16

மத்தியானம் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. ஆசீர் மருந்து வாங்கப் போயிருந்தான்.

"மைனி, அது உங்க புஸ்தகத்துல உள்ளதுதானே?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"மேசை துடைக்கையில பாத்தேன். வெள்ளை அட்டையில அதே பொம்பள பேசிட்டிருந்தா. மகளே மகளேன்னு. எழுத்து பொடிசா இருந்துச்சு, ரெண்டு மூணுதான் வாசிச்சேன். கோவிச்சுக்கிடாதீங்க."

"ஜூனிலேயே தெரியும் என்றால் அதற்குப் பிறகும் ஏன் வாசித்தாய்?"

"முடிச்சுட்டா நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

ஜன்னலில் ஒரு அணில் வந்து உட்கார்ந்தது. போனது.

"கட்டியப் பத்தி உங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்" என்றாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "மூணு நாள் கழிச்சு இந்த அட்டை வருது. மத்ததெல்லாம் உங்க சாதாரணக் கையெழுத்து. இது நிதானமா எழுதினது, ஒவ்வொரு எழுத்தும். நமக்குன்னு எழுதிருக்காவன்னு அன்னைக்கே ஒரு எண்ணம். சேச்சே, மைனியாவதுன்னு தள்ளிட்டேன். மேசையில பாத்த பொறவுதான் உறுதியாச்சு. வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டீங்க, உங்க சுபாவம் அது. அதான் தட்டுல வச்சுக் குடுத்துருக்கீங்க. படிச்சவிய சும்மா எழுதுவாவளா? கத்தி வேண்டாம்னு உங்களுக்கு எதோ தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். ஆண்டவர் உங்க மூலமாப் பேசினாருன்னா, உங்க இருதயத்தையும் தொட்டுட்டாருன்னுதானே அர்த்தம். அதுக்கப்புறம் உங்களுக்காக அந்த ஜெபத்தை நிறுத்திட்டேன்."

கிண்ணத்தின் ஓரத்தில் வழிந்த கஞ்சியைத் துணியால் துடைத்தேன்.

"அடுத்து என்ன வரும் மைனி? எறங்கி வருவேங்காளே, அவ வந்து என்ன செய்தா?"

"பக்கம் கிழிந்திருக்கிறது" என்றேன்.

"அய்யோ. அப்ப அந்த மகளுக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப நல்லதாவே வச்சுக்கிடுவோம்" என்று சிரித்தாள். பல் எல்லாம் பெரிதாகத் தெரிந்தது.

கஞ்சி ஆறிவிட்டது. மருந்து நேரம் என்று எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 4

விடியும்போது பியூலா போய்விட்டாள்.

அக்டோபர் 6

அடக்கம் நேற்று முடிந்தது. பெட்டியில் வேதத்தையும் அந்த அட்டையையும் வைத்தார்கள். ஐக்கிய சங்கத்துப் பெண்கள் வரிசையாக நின்று அந்த வசனத்தைச் சேர்ந்து சொன்னார்கள். ஐயரும் கூடவே சொன்னார். உன்னை வெட்ட வருகிறவர்களின் கை உன்மேல் படாது. இத்தனை குரலில் நான் அதைக் கேட்டதே இல்லை. நல்ல மொழிபெயர்ப்பு என்று நினைத்தேன்.

ரூபி டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வர வருஷம் எல்லா அட்டையிலயும் இதையே எழுதிரு, லீதியா. பியூலா நெனவா இருக்கும்" என்றார்.

அக்டோபர் 30

வீடு பெரிதாக இருக்கிறது. காலையில் இட்லிக் கொப்பரையை ஏற்றிவிட்டு மறந்து, தண்ணீர் வற்றி அடி கருகியது. கட்டுரையை ஒரு தொகுப்பு நூலில் சேர்க்கிறார்கள். நான்காம் பகுதியில் சான்றைக் கொஞ்சம் விரித்து எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பியூலாவின் கண்ணாடி இன்னும் சமையல்மேடை ஓரத்தில் இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கவேண்டும்.

நவம்பர் 12

கல்லறைக்குக் கருங்கல் பலகை செய்யக் கொடுத்திருக்கிறோம். மதியம் ஆசீர் வாசலில் நின்றபடியே கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்.

"அக்கா, கல்லு செதுக்குதவரு லைன்ல இருக்காரு. வசனம் செதுக்கியாச்சாம். கீழ எந்த அதிகாரம்னு போடணுங்காரு."

"அது வேண்டாம். வசனம் மட்டும் போதும்."

"அதெப்படிக்கா? எல்லாக் கல்லுலயும் இருக்கு. இவளுக்கு மட்டும் மொட்டையா நிக்கவா? நான் அவகிட்டயே கேட்டேன், கடைசி வாரத்துல. எங்கேயுள்ள வசனம்ளா, கல்லுல போடணுமேன்னு." அவன் குரல் உடைந்தது. "மைனிக்குத்தான் தெரியும், மைனிகிட்டக் கேளுங்க, அவிய சொல்லுவாவன்னா."

கைப்பேசியில் அந்த மனிதர் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இயந்திரம் கல்லை அறுக்கும் சத்தமும் கேட்டது.

"ஏசாயா" என்றேன். ஒரு அதிகாரத்தைச் சொன்னேன். ஒரு வசனத்தைச் சொன்னேன். வாய்க்கு வந்த எண்கள்.

ஆசீர் அவற்றை உரக்கத் திருப்பிச் சொன்னான். அந்தப் பக்கம் எழுதிக்கொண்டார்கள்.

சமையலறைக்கு வந்து உலையில் அரிசியைப் போட்டேன். ஆசீர் எடுத்துப் பார்க்கமாட்டான். ஐயர் பார்க்கமாட்டார். சபையில் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். தேடிப் பார்க்கிறவள் இந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள்.